வடபகுதிக் காட்டு வீசல்களின் ஜீனோமை வரிசைப்படுத்துவது எப்படி, எங்கே தவறும்?

கேள்வி இதுதான்: அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா என்று வடக்கே பரந்து கிடக்கும் காட்டு வீசல்களின் (எலி தின்னும் நீண்டு மெலிந்த சிறு ஊனுண்ணிகள்) ஜீனோமை, அதாவது முழு டிஎன்ஏ எழுத்துத் தொடரை, வரிசைப்படுத்தி, எத்தனை இனங்கள் இருக்கின்றன, எது எதோடு கலந்தது என்று பார்க்க வேண்டும். எத்தனை மாதிரி வேண்டும், எப்படி எடுப்பது, எந்த ஆழத்துக்குப் போவது (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக எத்தனை முறை படிப்பது), எங்கே சறுக்கும்?

சறுக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடலாம். வரிசைப்படுத்தும் கருவி பெரும்பாலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிடும். முடிவைக் கெடுப்பவை இரண்டு. மாதிரி எடுத்த இடங்கள் வரைபடத்தில் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பது ஒன்று. எந்த ஒப்பீட்டு ஜீனோமின் (ஒப்பிடுவதற்காக ஏற்கெனவே முழுதாகக் கட்டிவைத்த ஜீனோம்) மேல் தரவைப் பொருத்தினீர்கள் என்பது மற்றொன்று. இந்த இரண்டிலும் வரும் பிழை, பார்ப்பதற்கு அழகான உயிரியல் முடிவு போலவே இருக்கும். அதுதான் ஆபத்து.

பெயரைப் பற்றி ஒரு சொல். அகராதிகளில் தேடினால் மரநாய் என்று கிடைக்கும், சிலர் கீரி என்றும் எழுதிவிடுகிறார்கள். மரநாய் மரமேறும் வேறொரு விலங்கு. கீரி குடும்பமே வேறு. குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே வீசல் என்றே எழுதுகிறேன்.

கையில் இருப்பது எந்த இனம்?

வடக்கே முக்கியமாக மூன்று வகை வரும். எர்மின், அதாவது ஸ்டோட்: கோடையிலும் குளிரிலும் வால் நுனி கறுப்பு. சின்ன வீசல்: வால் குட்டை, நுனியில் கறுப்பு இருக்காது, இருந்தாலும் ஓரிரு முடிதான். வட எல்லையில் இதன் பெண் 30 கிராமைத் தொடுவதே பெரிது. நீள்வால் வீசல் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் உண்டு. அதற்கும் வால் நுனி கறுப்பு, ஆனால் வால் உடல் நீளத்தில் கிட்டத்தட்ட பாதி அல்லது அதற்கும் மேல். வீசல்களில் ஆண், பெண்ணைவிட மிகப் பெரிது. அதனால் ஆண் எர்மினும் பெண் நீள்வால் வீசலும் அளவில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வேட்டைக்காரர் கொடுத்த தோலுரித்த உடல் என்றால் வால் நுனியே இருக்காது. அருங்காட்சியக அட்டையில் இனப்பெயர் தவறாக இருப்பதும் சகஜம். எனவே முழு ஜீனோமுக்குப் பணம் செலவழிக்கும் முன், ஒவ்வொரு மாதிரியிலும் மைட்டோகாண்ட்ரியாவின் (இதன் டிஎன்ஏ தாய்வழியே மட்டும் வரும்) சைட்டோகுரோம் பி மரபணுவை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள். மலிவான சோதனை, பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பாதி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தென்கிழக்கு அலாஸ்காவின் அலெக்சாண்டர் தீவுக்கூட்டம், அதற்குத் தெற்கே ஹைடா குவாய் தீவுகள் ஆகியவற்றின் எர்மின் கதையைப் பாருங்கள். 2002-ல் வந்த மைட்டோகாண்ட்ரியா ஆய்வு மூன்று கிளைகளைக் காட்டியது: பெரிங்கியக் கிளை (அலாஸ்கா, சைபீரியாப் பக்கம்), கண்டக் கிளை, தீவுக் கிளை. தீவுக் கிளை பனியுகத்தில் ஒதுங்கிப் பிழைத்த தனிக் கிளையாகத் தெரிந்தது. 2018-ல் முழு ஜீனோம் ஆய்வு வந்தபோது தீவு எர்மினின் உட்கரு டிஎன்ஏவில் மற்ற இரண்டு கிளைகளின் கலப்பும் தெரிந்தது. 2021-ல் எர்மினை மூன்று இனங்களாகப் பிரித்தார்கள்: யூரேசியாவும் அலாஸ்காவும் சார்ந்த முஸ்டெலா எர்மினியா, வட அமெரிக்காவின் முஸ்டெலா ரிச்சர்ட்சோனி, தீவுகளின் முஸ்டெலா ஹைடாரம். கடைசி இனம் பழைய கலப்பில் பிறந்து, தீவில் தனித்து நிலைபெற்றது. இங்கே மைட்டோகாண்ட்ரியா பொய் சொல்லவில்லை. தாய்வழிக் கதையை மட்டும் சொன்னது. கலப்பு நடந்த இடங்களில் அந்த ஒற்றைக் கதையை வைத்து இனத்தைத் தீர்மானிக்கக் கூடாது. அதே 2021-ல் நீள்வால் வீசலும் முஸ்டெலா பேரினத்திலிருந்து நியோகேலுக்கு மாற்றப்பட்டது. பழைய தரவுக் கிடங்குகளில் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

வரைபடம்

வடக்கே சாலைகள் குறைவு. அதனால் மாதிரிகள் சாலையோரங்களிலும் சில ஊர்களைச் சுற்றியும் குவிந்து வரும். அலாஸ்காவில் 20, யூக்கானில் 2, பிரிட்டிஷ் கொலம்பியாவில் 25 என்று வந்தால், மாதிரிகளை மரபியல் கூட்டங்களாகப் பிரிக்கும் அட்மிக்சர் போன்ற மென்பொருள் இரண்டு தெளிவான கூட்டங்களைக் காட்டும். உண்மையில் அங்கே படிப்படியாக மாறும் ஒரே தொடர்ச்சி இருக்கலாம். தூரம் கூடக்கூட உறவு குறைவது எந்த விலங்கிலும் இயல்பு. நடுவே மாதிரி இல்லாவிட்டால் அந்தச் சரிவு படிக்கட்டாகத் தெரியும். இதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. நடுவில் இருக்கும் அந்த 2 என்ற எண்ணை 8 ஆக்குவதுதான் மருந்து.

ஓர் இடத்துக்கு 8 முதல் 10 விலங்குகள் போதும், இடங்கள் அதிகமாக இருக்கட்டும். ஒரே இடத்தில் 40 எடுப்பதைவிட, நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் இடைவெளியில் ஐந்து இடங்களில் எட்டெட்டு எடுப்பது அதிகம் சொல்லும். கலப்பு மண்டலம் என்று சந்தேகிக்கும் பகுதியில் மட்டும் நெருக்கமாக எடுங்கள். கணக்கிடும்போது எல்லா இடங்களின் எண்ணிக்கையையும் குறைத்துச் சமப்படுத்தி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 40 மாதிரி உள்ள இடம் தனிக் கூட்டமாகவும் 5 மாதிரி உள்ள இடம் ‘கலப்பு’ ஆகவும் தெரிந்தால், பெரும்பாலும் அது எண்ணிக்கையின் விளையாட்டு.

ஆண்டையும் பாருங்கள். வடக்கே வோல் எலிகளும் லெம்மிங்குகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சரியும்; வீசல்கள் அவற்றின் பின்னால் ஏறி இறங்கும். ஒரு பகுதியில் 400, 400, 20 என்று மூன்று தலைமுறை எண்ணிக்கை போனால் சராசரி 273. மரபியல் உணரும் எண்ணிக்கை இசைச் சராசரி: 3-ஐ (1/400 + 1/400 + 1/20) ஆல் வகுத்தால் சுமார் 55. ஒரே ஒரு மோசமான ஆண்டு மொத்தத்தையும் இழுத்துவிடுகிறது. பெருகிய ஆண்டில் எடுத்த மாதிரியில் ஒரே தாயின் குட்டிகள் பல வரும், சரிந்த ஆண்டில் வேறு மாதிரி இருக்கும். ஆகவே இரண்டு இடங்களை ஒப்பிடும்போது இரண்டும் எந்த ஆண்டு மாதிரிகள் என்று அட்டவணையில் எழுதிவிடுங்கள்.

திசு

மிகச் சிறந்த மூலம், சட்டப்படி வேட்டையாடுபவர்களிடமிருந்து வரும் உடல்களும், உறைதிசுக்களைச் சேமிக்கும் அருங்காட்சியகங்களும். அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் வடக்கு அருங்காட்சியகம், நியூ மெக்சிகோவின் தென்மேற்கு உயிரியல் அருங்காட்சியகம் இரண்டிலும் பெரிங்கியப் பகுதிப் பாலூட்டிகளின் உறைதிசுத் தொகுப்பு பெரிது. புதிதாகப் பொறி வைப்பதற்கு முன் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பது அறிவுடைமை.

உடல் கிடைத்தால் தொடைத் தசையிலிருந்து எடுங்கள். ஈரலும் சிறுநீரகமும் சீக்கிரம் தன்னைத்தானே செரித்துக்கொள்ளும். உடல் ஓரிரு முறை உருகி உறைந்திருந்தால் அவற்றின் டிஎன்ஏ நொறுங்கியிருக்கும், தசை தாங்கும். குடலைக் கிழித்துவிட்டால் எலியின் டிஎன்ஏவும் பாக்டீரியாவும் கத்தியோடு வரும். துண்டு 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் நடுப்பகுதிக்கு ஆல்கஹால் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். 95 சதவீத எத்தனால், திசுவைப் போல் பத்து மடங்கு அளவு, ஒரு நாள் கழித்து ஆல்கஹாலை மாற்ற வேண்டும். திசுவிலிருந்து வரும் நீர் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும். நிறமும் கலப்பும் சேர்த்த எரிசாராயம் வேண்டாம். குழாயின் வெளியே பேனாவில் எழுதிய எண் ஒரு சொட்டு எத்தனால் பட்டால் போய்விடும். பென்சிலால் எழுதிய சின்ன அட்டையை உள்ளேயே போடுங்கள்.

வடக்கே ஒரு தனி எச்சரிக்கை: உறையவைத்தால் ஒட்டுண்ணி செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். டிரைக்கினெல்லா நேட்டிவா என்ற வகை உறைநிலையைத் தாங்கும். ஊனுண்ணிகளின் தசையில் இருக்கும். கையுறை இல்லாமல் அறுக்காதீர்கள், மேசையைத் துடைக்காமல் சாப்பிட உட்காராதீர்கள்.

உயிரோடு பிடித்து விடுவதாக இருந்தால் காது மடலில் 2 மில்லிமீட்டர் துளைக்கருவித் துண்டு போதும். இங்கே பெரிய சிக்கல் டிஎன்ஏ இல்லை, விலங்கு. நீண்டு மெலிந்த உடல் வெப்பத்தைச் சீக்கிரம் இழக்கும்; சின்ன வீசல் ஒரு நாளில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் உண்ணும். குளிரில், வெறும் கம்பிப் பொறியில், ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் போய்ப் பார்த்தால் செத்த வீசலைத்தான் எடுப்பீர்கள். பொறியோடு மரப்பெட்டி, உள்ளே உலர்ந்த வைக்கோல், இறைச்சி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோதனை: இவை இல்லாமல் பொறி வைப்பதைவிட வைக்காமலே இருக்கலாம்.

முடிக்குழாய்களில் (வீசல் நுழைந்து போகும்போது முடி ஒட்டிக்கொள்ளும் பசைக் குழாய்கள்) ஒட்டும் முடியிலிருந்தும் எடுக்கலாம், வேரோடு பத்து முடியாவது வேண்டும். ரோமம் உதிரும் பருவத்து முடியின் வேரில் உட்கரு டிஎன்ஏ மிகக் குறைவு. மைட்டோகாண்ட்ரியாவுக்கு மட்டும் உதவும். எச்சத்தில் இருப்பது பெரும்பாலும் பாக்டீரியாவும் தின்ற எலியும்தான். இனம் எது என்று அறிய எச்சம் சரி, முழு ஜீனோமுக்கு வீண் செலவு.

அருங்காட்சியக மாதிரிகள்

நூறு ஆண்டுக்கு முந்தைய தோலும் மண்டையோடும் இல்லாமல் வடக்கின் சில இடங்களை நிரப்பவே முடியாது. தோலென்றால் விரல் திண்டிலிருந்து 2 அல்லது 3 மில்லிமீட்டர். மண்டையோடென்றால் மூக்குக்குள் இருக்கும் சுருள் எலும்புத் துகள். பழைய தோல்களில் ஆர்செனிக் பூசியிருப்பார்கள். தூசியை மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதனிட்ட தோலைத் தொடவே வேண்டாம், அதில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

மூக்கெலும்பு எடுக்கும் முன் மண்டையோட்டைப் படம் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரியாபிஞ்சிலஸ் என்ற புழு வீசல்களின் மூக்குப் பக்கக் குழிகளில் வாழும். கண்களுக்கு இடையே எலும்பு வீங்கி, சல்லடையாகி இருப்பது அதன் அடையாளம். பின்னால் வரும் ஒட்டுண்ணி ஆய்வாளருக்கு அந்த மண்டையோடுதான் தரவு.

பழைய டிஎன்ஏ 40 முதல் 90 எழுத்து நீளத் துண்டுகளாகத்தான் வரும். அதை 150 எழுத்து இரட்டைப் பக்க முறையில் வரிசைப்படுத்தினால் இரண்டு பக்கமும் ஒரே துண்டையே திரும்பப் படித்து, மிச்சத்துக்கு அடாப்டரை (துண்டின் முனையில் நாமே ஒட்டும் செயற்கை டிஎன்ஏ) படிக்கும். பாதிக் காசு வீண். குட்டை ரீட் (கருவி ஒருமுறையில் படிக்கும் எழுத்துத் தொடர்) போதும். துண்டின் முனைகளில் சைட்டோசின், தைமினாக மாறித் தெரியும். இது காலத்தால் வரும் சேதம், பிறழ்வு அல்ல. யூராசிலை நீக்கும் நொதியால் லைப்ரரி (கருவியில் ஏற்றத் தயார்செய்த டிஎன்ஏ துண்டுகள்) செய்யும்போதே சரிசெய்யலாம், அல்லது முனைகளில் ஐந்து எழுத்தை வெட்டிவிடலாம், அல்லது அத்தகைய மாற்றங்கள் எல்லாவற்றையும் கணக்கிலிருந்து விட்டுவிடலாம். மூன்றில் ஒன்றையாவது செய்யாமல் பழைய மாதிரியையும் புதிய மாதிரியையும் ஒன்றாகப் போட்டால், முதன்மைக் கூறு வரைபடத்தில் (ஒத்த மாதிரிகளை அருகருகே புள்ளிகளாக இடும் படம்) ‘பழைய வீசல்கள்’ என்று தனிக் கூட்டம் உருவாகும். அது வயதின் கூட்டம், இனத்தின் கூட்டம் அல்ல.

பழைய மாதிரிகளின் மதிப்புக்கு ஒரு வினோதமான சாட்சி தெற்கே இருக்கிறது. முயல்களை ஒழிக்க 1884 முதல் பிரிட்டனிலிருந்து நியூசிலாந்துக்கு ஸ்டோட்களைக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று பிரிட்டனில் காணப்படாத மைட்டோகாண்ட்ரியா வகைகள் நியூசிலாந்து ஸ்டோட்களில் இருக்கின்றன. தாயகத்தில் இழந்தது, அயலூரில் தப்பியது. இன்றைய பிரிட்டன் மாதிரியை மட்டும் வைத்து ‘முன்பும் பன்மை குறைவுதான்’ என்று எழுதியிருந்தால் தவறாகப் போயிருக்கும்.

ஆய்வகமும் ஆழமும்

பிரித்தெடுப்பில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 25 மில்லிகிராம் தசை, புரோட்டினேஸ் கே, 56 டிகிரியில் ஓர் இரவு, ஆர்என்ஏவை நீக்கும் நொதி, பிறகு சிலிக்கா வடிகுழாய். லைப்ரரிக்கு 100 முதல் 500 நானோகிராம் இருந்தால் தாராளம். அளப்பதற்கு ஒளிஉறிஞ்சல் கருவியை நம்பாதீர்கள். அது ஆர்என்ஏவையும் சேர்த்துக் காட்டும். ஒளிர்சாயத்தால் அளக்கும் கியூபிட்தான் சரி. ஒவ்வொரு மாதிரிக்கும் இரு முனையிலும் தனித்தனி இண்டெக்ஸ் (எந்த மாதிரி என்று அடையாளம் காட்டும் சிறு டிஎன்ஏ தொடர்) போடுங்கள். ஒரே இண்டெக்ஸைப் பலவற்றுக்குப் பகிர்ந்தால், நோவாசீக் போன்ற கருவிகளில் சிறு விகிதம் ரீட்கள் இடம் மாறிவிடும். வேறு பணிகளில் பொறுத்துக்கொள்ளலாம், கலப்பைத் தேடும் பணியில் அதுவே கலப்பாகத் தெரியும்.

ஆழம் பற்றிக் கணக்கோடு பார்ப்போம். எர்மின் ஜீனோம் சுமார் 240 கோடி எழுத்து. 10 மடங்கு என்றால் 2,400 கோடி எழுத்து. 150 எழுத்து இரட்டைப் பக்கம் என்றால் ஒரு ஜோடிக்கு 300. ஆக 8 கோடி ஜோடிகள். நகல்களும் பொருந்தாதவையும் கழிந்துபோக 10 கோடி ஜோடிகளாகக் கேளுங்கள். 60 விலங்குகளுக்கு 600 கோடி ஜோடிகள்.

ஏன் 10? ஒரு விலங்கு ஓர் இடத்தில் தாயிடமிருந்து ஓர் எழுத்தும் தந்தையிடமிருந்து வேறெழுத்தும் பெற்றிருக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் உங்களுக்கு 3 ரீட் மட்டும் கிடைத்தால், மூன்றும் ஒரே பக்கத்திலிருந்து வர வாய்ப்பு 25 சதவீதம். 5 ரீட் என்றால் 6 சதவீதம். 10 என்றால் 0.2 சதவீதம். சராசரி 5 மடங்கு என்றால் பல இடங்களில் 2, 3-தான் இருக்கும். அதனால் ஆழம் குறைந்த மாதிரி எப்போதும் உள்ளதைவிடப் பன்மை குறைந்ததாகத் தெரியும். தீவு மாதிரிகளை 5 மடங்கிலும் பெருநில மாதிரிகளை 15 மடங்கிலும் எடுத்துவிட்டு ‘தீவில் பன்மை குறைவு’ என்று எழுதுவது அளவுகோலை மாற்றிவிட்டு அளப்பது. பணம் குறைவு என்றால் எல்லாவற்றையும் சமமாக 4 மடங்கில் எடுத்து, உறுதியான எழுத்தைத் தேர்ந்தெடுக்காமல் நிகழ்தகவோடு கணக்கிடும் ஆங்ஸ்டி போன்ற மென்பொருளில் போடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு விலங்கையாவது 20 மடங்குக்கு மேல் எடுங்கள். பழைய மக்கள்தொகை வரலாற்றை ஒரே ஜீனோமிலிருந்து வரையும் முறைக்கு அதற்குக் கீழே போனால் வளைவே கோணிவிடும்.

ஒப்பீட்டு ஜீனோம்

வீசலின் நெருங்கிய உறவான வளர்ப்பு ஃபெர்ரட்டின் ஜீனோம் 2014-லேயே வந்துவிட்டது. அதனால் பலர் அதன் மேலேயே எர்மினைப் பொருத்துகிறார்கள். ஃபெர்ரட்டுக்கு 40 குரோமோசோம், சின்ன வீசலுக்கு 42, எர்மினுக்கு 44. எழுத்து வேறுபாடு மட்டும் பார்த்தால் பிழை சிறிது. ஆனால் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே மாதிரி வந்த நீண்ட பகுதிகளின் நீளத்தை அளக்கும்போது, இரண்டு இனத்தில் வெட்டியும் ஒட்டியும் இருக்கும் குரோமோசோம்களின் மேல் அளக்கிறீர்கள். நீளம் தவறும். எர்மினுக்கும் சின்ன வீசலுக்கும் இன்று சொந்த ஒப்பீட்டு ஜீனோம்கள் உள்ளன.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒப்பீட்டு ஜீனோம் யூரேசியக் கிளையைச் சேர்ந்தது என்றால், யூரேசியக் கிளையின் ரீட்கள் நன்றாகப் பொருந்தும், அமெரிக்கக் கிளையின் வேறுபட்ட ரீட்கள் சில பொருந்தாமல் உதிரும். உதிர்ந்தவை போக மிஞ்சியவை யூரேசிய எழுத்தைத் தாங்கியவை. விளைவு: அமெரிக்க எர்மினில் இல்லாத யூரேசியக் கலப்பு தெரியும். கலப்பை அளக்கும் நான்கு கிளைச் சோதனையை எர்மின் ஜீனோமின் மேல் ஒருமுறை, ஃபெர்ரட் போன்ற வெளியினத்தின் மேல் ஒருமுறை என்று இரண்டு தடவை ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் வந்தால் நம்பலாம். ஒன்றில் மட்டும் வந்தால் வெளியிடாதீர்கள்.

சொந்தமாக ஒரு கிளைக்கு ஒப்பீட்டு ஜீனோம் கட்டுவதென்றால் ஆண் விலங்கைத் தேர்ந்தெடுங்கள், எக்ஸும் ஒய்யும் சேர்ந்து கிடைக்கும். அதற்கு எத்தனாலில் போட்ட திசு பெரும்பாலும் உதவாது. இறந்த சில நிமிடங்களில் திரவ நைட்ரஜனில் போட்ட திசு வேண்டும்.

எழுத்துகளை நம்பும் முன்

முதலில் ரீட்களின் வாலைப் பாருங்கள். இரு நிறக் கருவிகள் ஒளி வராத இடத்தைக் குவானின் என்று எழுதும். துண்டு தீர்ந்த பிறகு ஜிஜிஜிஜி என்று நீண்ட வால் வரும். பழைய நான்கு நிறக் கருவியில் எடுத்த மாதிரிகளில் இது இருக்காது. வெட்டாமல் விட்டால் இரண்டு கருவியின் மாதிரிகளும் தனித்தனிக் கூட்டமாகப் பிரியும்.

பிறகு எக்ஸ் குரோமோசோம். அதன் ஆழத்தை மற்ற குரோமோசோம்களின் ஆழத்தால் வகுத்தால் பெண்ணுக்கு 1, ஆணுக்கு 0.5 வர வேண்டும். குறிப்பேட்டில் ஆண் என்று எழுதியது 1 என்று வந்தால், யாரோ குழாயை மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டு முழுவதையும் சரிபாருங்கள். அடுத்து, ஆணின் எக்ஸில் ஒரே இடத்தில் இரண்டு எழுத்து வரக் கூடாது, ஒய்யோடு ஒத்த முனைப்பகுதி தவிர. வந்தால் அந்தக் குழாயில் இன்னொரு வீசல் இருக்கிறது. கலப்படத்தைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான சோதனை இல்லை. பொறிகளில் ஆண்களே அதிகம் விழுவதால் பாதிக்கு மேற்பட்ட மாதிரிகளில் இதைச் செய்துவிடலாம்.

வடிகட்டும் அளவுகள்: பொருத்தத் தரம் குறைந்தது 30, எழுத்துத் தரம் குறைந்தது 20, ஆழம் சராசரியின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழும் இரு மடங்குக்கு மேலும் உள்ள இடங்கள் வேண்டாம், மீள்வரிசைப் பகுதிகள் வேண்டாம். அரிதான எழுத்துகளை நீக்கும் வடிகட்டியைக் கூட்டங்களைப் பார்க்கப் பயன்படுத்தலாம். மக்கள்தொகை வரலாற்றுக்கு அதே கோப்பைப் பயன்படுத்தினால் தவறு. அண்மைய பெருக்கத்தின் தடம் அந்த அரிதான எழுத்துகளில்தான் இருக்கிறது. இரண்டு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். உடன்பிறப்புகளையும் தாய்-சேய் ஜோடிகளையும் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

தீவு, தலைமுறை, முடிவு

வீசலின் இனப்பெருக்கம் தெரியாமல் தீவு மரபியலைப் படிக்க முடியாது. எர்மினில் கரு உடனே ஒட்டாது. கோடையில் சேர்ந்து, ஒன்பது பத்து மாதம் கருவை நிறுத்திவைத்து, அடுத்த வசந்தத்தில் ஈனும். கூட்டிலேயே, பால்குடி மறக்காத பெண் குட்டிகளோடும் வந்த ஆண் சேர்ந்துவிடும். அதாவது இலையுதிர் காலத்தில் திரியும் ஏறக்குறைய எந்தப் பெண் எர்மினும் கருவோடு இருக்கிறது. இவை ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நீந்தும். ஒற்றைப் பெண் ஒரு தீவைக் குடியேற்றப் போதும். அப்படிக் குடியேறிய தீவில் பன்மை மிகக் குறைந்து, பெருநிலத்தோடு எஃப்எஸ்டி மதிப்பு (இரு கூட்டங்களின் மரபியல் வேறுபாட்டைக் காட்டும் எண்) எகிறும். அந்த எண்ணைப் பார்த்து ‘பழங்காலப் பிரிவு’ என்று முடிவு கட்டினால் நேற்று வந்த விலங்கை லட்சம் ஆண்டு பழையதாக்கிவிடுவீர்கள். இரண்டு இடத்திலிருந்தும் ஒவ்வொரு ஜீனோமை எடுத்து நேரடியாக எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று பார்க்கும் டிஎக்ஸ்ஒய் மதிப்பையும், அந்தத் தீவுக்கே உரிய புதிய எழுத்துகள் எத்தனை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எஃப்எஸ்டி மட்டும் பெரிது, மற்ற இரண்டும் சிறிது என்றால் அது அண்மைய நெருக்கடி. மூன்றும் பெரிது என்றால்தான் ஹைடா குவாய் போன்ற நீண்ட தனிமை.

காலத்தைக் கணக்கிடும்போது எர்மினுக்கும் சின்ன வீசலுக்கும் ஒரே தலைமுறைக் காலத்தைப் போடுவது வழக்கமான பிழை. சின்ன வீசலில் கரு நிறுத்தம் இல்லை. ஐந்து வாரத்தில் ஈனும், எலி பெருகிய ஆண்டில் இரண்டு ஈற்றும் உண்டு, அந்தக் கோடையில் பிறந்த பெண்ணே அதே கோடையில் ஈனலாம். எர்மின் பெண் எவ்வளவு சீக்கிரம் சேர்ந்தாலும் முதல் ஈற்று அடுத்த ஆண்டுதான். தலைமுறைக் காலத்தை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் ஆண்டும் இரட்டிப்பாகும். ஆகவே ஒரு எண்ணைக் கொடுக்காமல் இரண்டு அனுமானங்களுக்கும் விடையைக் கொடுங்கள்.

வெள்ளையும் பழுப்பும்

முழு ஜீனோமா, அல்லது வெட்டுநொதியால் அங்கங்கே மாதிரி எடுக்கும் மலிவான முறையா என்ற கேள்விக்குச் சின்ன வீசலின் குளிர்கால ரோமம் நல்ல விடை. ஐரோப்பாவில் இரு வடிவங்கள்: குளிரில் வெள்ளையாகும் நிவாலிஸ், பழுப்பாகவே இருக்கும் வல்காரிஸ். இரு வடிவங்களும் சந்திக்கும் இரண்டு மாறுமண்டலங்களின் அருங்காட்சியக மாதிரிகளை முழுதாக வரிசைப்படுத்திய 2021 ஆய்வு, நிற வேறுபாட்டை 2 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரே பகுதிக்குள் அடைத்தது. முன்பு இரு வடிவங்களையும் ஆய்வுக்காகக் கலந்து பிறப்பித்த விலங்குகளின் மாதிரிகளும் அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றில் சோதித்தபோதும் அதே இடம். கடைசியில் எம்சி1ஆர் மரபணுவில் ஓர் அமினோ அமிலம்: மூதாதை வடிவில் லூசின், வல்காரிஸில் லைசின். வல்காரிஸில் அந்தப் பகுதியைச் சுற்றிப் பன்மை துடைக்கப்பட்டிருந்தது. பழுப்பு ரோமத்தை இயற்கைத் தேர்வு ஒருகாலத்தில் விரும்பியதன் தடம் அது.

இதை எட்டெழுத்து வெட்டுநொதி முறையில் செய்திருந்தால்? எட்டெழுத்துத் தொடர் சராசரியாக 65,536 எழுத்துக்கு ஒருமுறை வரும். 2 லட்சம் எழுத்துப் பகுதியில் மூன்று இடம். அவற்றில் ஒன்று அந்த அமினோ அமிலத்தின் மேல் விழ வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. மக்கள்கூட்டங்களைப் பிரிக்க மட்டும் என்றால் அந்த முறை போதும். எந்த மரபணு என்று கேட்பதாக இருந்தால் போதாது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்த விடை சின்ன வீசலுக்கு. எர்மினிலும் இதே மரபணுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வட அமெரிக்கப் பனிக்காலணி முயலில் அதே குளிர்காலப் பழுப்பு அகூட்டி என்ற வேறு மரபணுவால் வருகிறது, அதுவும் வேறொரு முயலினத்தோடு கலந்ததால் வந்தது.

தரவைக் கிடங்கில் போடும்போது ஒவ்வொரு ஜீனோமோடும் அருங்காட்சியக எண், பிடித்த நாள், பால், எடை, வால் நீளம், ஆயங்கள், அந்த ஆயங்களின் பிழை அளவு ஆகியவற்றைச் சேருங்கள். வேட்டைக்காரர் அட்டையில் ‘ஊருக்கு வடக்கே’ என்று மட்டும் இருந்தால் பிழை 30 கிலோமீட்டர் என்று எழுதுங்கள், ஊரின் நடுப்புள்ளியைத் துல்லியமான இடம் போலப் போடாதீர்கள். பூர்வகுடி மக்களின் நிலத்தில் எடுத்ததாக இருந்தால், ஹைடா குவாய் போல, அனுமதி யாரிடம் பெற்றது, தரவை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதும் அதே பதிவில் இருக்கட்டும். மண்டையோடும் மிஞ்சிய திசுவும் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத ஜீனோமை, இனம் தவறு என்று பத்து ஆண்டு கழித்து ஒருவர் சந்தேகித்தால் சரிபார்க்க வழியே இருக்காது.